மவுஸும் கீபோர்டும் நடுநடுவே செத்துப்போகின்றன, ஜெனரேட்டர் ஓடினால் இன்னும் மோசம்: எங்கிருந்து பார்ப்பது?

பெகு டீச்சர் (பெகு)

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் எங்கள் அம்மன் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. பாடத்தாள், கேள்வித்தாள் எல்லாம் ஒரே ஒரு லேப்டாப்பில்தான் அடிக்கிறோம். விண்டோஸ் 10 போட்ட பழைய இயந்திரம். அதன் சொந்தக் கீபோர்டில் பாதி எழுத்து விழாது. அதனால் வெளியே ஒரு யுஎஸ்பி கீபோர்டும் ஒயர் மவுஸும் மாட்டி வேலை பார்க்கிறோம்.

இப்போது என்ன ஆகிறது என்றால், அடித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு நின்றுவிடுகிறது. பிடுங்கி மாட்டினால் வருகிறது. மவுஸ் அடிப்பக்கம் சிவப்பு வெளிச்சம் எரிகிறது, ஆனால் திரையில் அம்புக்குறி நகர்வதில்லை. சில சமயம் 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று மூலையில் செய்தி வருகிறது. கரண்ட் போய் கோயில் ஜெனரேட்டரைப் போட்டால் சொல்லவே வேண்டாம், நிமிஷத்துக்கு ஒரு தரம் 'டிங் டிங்' என்று சத்தம் போட்டுப் போவதும் வருவதுமாக இருக்கிறது.

மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ், பிரிண்டர் நான்கும் ஒரு போர்ட்டைப் பலவாக்குகிற ஒரு சின்ன ஹப்பில் மாட்டியிருக்கின்றன. கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஃபார்மட் செய்து பார்ப்போம், சரியாகாவிட்டால் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். அவ்வளவு காசு கோயிலில் கேட்க எனக்கு மனம் இல்லை. விடுமுறை முடிவதற்குள் பரீட்சைத் தாள் அடித்தாக வேண்டும். காசு செலவழிக்கும் முன் நானே எதை எதைப் பார்க்கலாம்? தயவுசெய்து சொல்லுங்கள்.

மண்டலே மாணவன் (மண்டலே)

அக்கா, முதலில் டிரைவரைப் பாருங்கள், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருளை. விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். கீழே யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதன் மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகத் திரும்பப் போட்டுக்கொள்ளும்.

பட்டறை அண்ணன் (ரங்கூன்)

தம்பி சொன்னது தப்பில்லை, ஆனால் அது மூன்றாவது நான்காவது வேலை. டீச்சர், தயவுசெய்து ஃபார்மட் செய்ய விடாதீர்கள். பிள்ளைகளின் பாடம் எல்லாம் அதில் இருக்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு விஷயம். ஒன்று, மவுஸ் வெளிச்சம் எரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. இரண்டு, ஜெனரேட்டர் ஓடினால் அதிகமாகிறது. விண்டோஸ் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்றால் வெளியே ஜெனரேட்டர் ஓடுவதும் ஓடாததும் அதற்கு எப்படித் தெரியும்?

முதலில் அந்த வெளிச்சம். சாதாரண யுஎஸ்பி மவுஸ் ஒயரைப் பிரித்தால் உள்ளே நான்கு ஒயர் இருக்கும். வழக்கமாகச் சிவப்பில் 5 வோல்ட் வரும், கறுப்பு கிரவுண்ட். வெள்ளையும் பச்சையும் பேச்சுவார்த்தைக்கு. வெளிச்சம் எரிகிறது என்றால் சிவப்பும் கறுப்பும் சரியாக இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். வெள்ளை, பச்சையில் ஒன்று அறுந்தாலோ, வழியில் இரைச்சல் கலந்தாலோ வெளிச்சம் பாட்டுக்கு எரியும், அம்புக்குறி அசையாது.

மாட்டியவுடன் உள்ளே நடப்பது இதுதான். மவுஸுக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர், 1.5 கிலோ ஓம், ஒரு டேட்டா ஒயரை மேலே இழுத்துப் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் லேப்டாப் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று தெரிந்துகொள்ளும். பிறகு 'நீ யார், உனக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்' என்று கேட்கும். அந்தப் பதில் சிதைந்து வந்தால் நீங்கள் பார்த்த செய்தி வரும். டிவைஸ் மேனேஜரில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு', 'கோடு 43' என்று காட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான். அதைப் பார்த்து டிரைவர் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பதில் வந்து சேரவில்லை என்பதுதான் விஷயம். ஏன் வரவில்லை என்று தேட வேண்டும்.

அதனால் வரிசையாக இப்படிப் பாருங்கள். முதலில் உங்கள் மவுஸையும் கீபோர்டையும் வேறு யாருடைய லேப்டாப்பிலாவது மாட்டி அரை மணி நேரம் அடித்துப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் அவற்றை விட்டுவிடலாம். அப்புறம் ஹப்பை முழுசாகக் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் மாற்றி மாற்றி. மாட்டியபின் பிளக்கை விரலால் லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், வெளிச்சம் அணைந்து எரிகிறதா என்று.

மூன்றாவதுதான் முக்கியம்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பிரிண்டரையும் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போதும் இதைச் செய்யுங்கள்.

கடைசியாக பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற லேப்டாப்பின் சொந்த அமைப்புத் திரை. சார்ஜர் இல்லாத நிலையிலேயே இதைப் பார்க்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் பயாஸ் திறக்கும். அங்கே விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. அம்புக்குறி விசைகளை வைத்து மேலும் கீழும் பத்து நிமிஷம் நகர்த்துங்கள். அங்கே நிற்காமல் ஓடி விண்டோஸில் மட்டும் நின்றால் குற்றம் விண்டோஸ் பக்கம். அங்கேயும் நின்றால் ஃபார்மட் செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த ஒரு சோதனையைக் கூடச் செய்யாமல் ஃபார்மட் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மோல்மீன் மழை (மோல்மீன்)

டீச்சர், போர்ட்டுக்குள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் ஊர் மழையில் இதுதான் முதல் வியாதி. ஜூனிலிருந்து அக்டோபர் வரை வீட்டுக்குள்ளேயே ஈரம். யுஎஸ்பி துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதன் மேல் நான்கு பித்தளை நிறப் பட்டைகள். நீல நாக்கு என்றால் யுஎஸ்பி 3, அதில் இன்னும் ஐந்து சேர்ந்து ஒன்பது. கூர்ந்து பார்த்தால் அந்தப் பட்டையின் ஓரத்தில் பச்சையாகப் பாசி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். களிம்பு. அது இருந்தால் கரண்ட் போகும், ஆனால் பேச்சு தடுமாறும்.

சுத்தம் செய்ய லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பல்குத்தும் மரக்குச்சியை வைத்து மெதுவாகத் தேயுங்கள். குச்சி நுனியில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. ஊசி, சேஃப்டி பின், கத்தி முனை வேண்டவே வேண்டாம். பட்டை சுரண்டிப் போகும், பக்கத்துப் பட்டையோடு ஒட்டினால் போர்ட்டே போகும். நன்றாகக் காய்ந்தபிறகு போடுங்கள்.

தண்ணீர் போட்டுத் துடைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

கணக்குப்பிள்ளை (ரங்கூன்)

இடையில் வருகிறேன், மன்னிக்கவும், ஆனால் என் பிரச்சினையும் மவுஸ்தான். ஒயர் இல்லாத மவுஸ், சின்ன ரிசீவர் லேப்டாப்பில் மாட்டியிருக்கிறது. சாதாரணமாக நன்றாக ஓடும். வெளி ஹார்ட் டிஸ்கில் கணக்கை பேக்கப் எடுக்கும்போது மட்டும் அம்புக்குறி தாவித் தாவிப் போகிறது, சில சமயம் நின்றே விடுகிறது. பேட்டரி புதுசு போட்டும் அதே கதை. இதுவும் கரண்டா?

பட்டறை அண்ணன் (ரங்கூன்)

அண்ணாச்சி, உங்களுடையது வேறு. ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி 3, அதுவும் ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட்டில் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யுஎஸ்பி 3 வேகமாக டேட்டா அனுப்பும்போது அதன் ஒயரிலிருந்தும் போர்ட்டிலிருந்தும் ஒரு ரேடியோ இரைச்சல் கிளம்பும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். உங்கள் மவுஸ் பேசுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். 2012இலேயே இன்டெல் இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. மவுஸ் கம்பெனிமேல் குற்றம் இல்லை, டிஸ்க் கம்பெனிமேலும் இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். ரிசீவரை எதிர்ப்பக்க யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் அரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்கி, ரிசீவரை அதன் நுனியில் மாட்டி மவுஸ் பக்கத்தில் வையுங்கள். இரைச்சல் வரும் இடத்திலிருந்து கொஞ்சம் விலகினாலே போதும்.

கணக்குப்பிள்ளை (ரங்கூன்)

எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டேன். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை எழுதுகிறேன், மவுஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. நன்றி அண்ணே.

பெகு டீச்சர் (பெகு)

அண்ணே, நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பில் மவுஸ், கீபோர்டு இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. எங்கள் லேப்டாப்பில் இடது பக்கம் இரண்டு போர்ட், வலது பக்கம் ஒன்று. வலது பக்கம் நேராக மாட்டினால் பரவாயில்லை. இடது பக்கம் முன்னால் இருப்பது ஆடுகிறது, பிளக்கை லேசாகத் தொட்டாலே மவுஸ் வெளிச்சம் அணைகிறது. ஹப்பை இதுநாள் வரை அதில்தான் மாட்டியிருந்தோம். மோல்மீன் அண்ணன் சொன்ன பச்சைக் களிம்பும் அதில் இருந்தது, துடைத்தேன். ஆட்டம் போகவில்லை.

பேட்டரியில் மட்டும், பிரிண்டர் இல்லாமல், ஜெனரேட்டர் ஓடும்போதே வைத்துப் பார்த்தேன். மவுஸ் ஒரு தரம் கூட நிற்கவில்லை. சார்ஜரை மாட்டியவுடன் ஆரம்பித்தது. பிரிண்டரையும் மாட்டினால் அதிகம். இன்னொன்று, முன்பு கவனித்தும் சொல்ல விட்டுப்போனது: சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக விளிம்பைக் கையால் தடவினால் சுர்ரென்று இருக்கும். பிள்ளைகளும் சொல்வார்கள்.

பயாஸில் கீபோர்டு நிற்கவே இல்லை. ஆனால் விண்டோஸில், பேட்டரியில் இருக்கும்போது கூட, கொஞ்ச நேரம் தொடாமல் இருந்துவிட்டு வந்து அடித்தால் கீபோர்டு எழுந்திருக்கவில்லை. இது ஏன்?

பட்டறை அண்ணன் (ரங்கூன்)

டீச்சர், கடையில் ஒரே வியாதி என்று சொன்னது உண்மையில் மூன்று. ஆடுகிற போர்ட் ஒன்று, சுர்ரென்று வருகிற கரண்ட் ஒன்று, தூங்கிவிடுகிற கீபோர்டு ஒன்று. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால்தான் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்தது.

நடு விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் கோயிலுக்கும் இது பொருந்தும்.

லேப்டாப் சார்ஜருக்குள் 230 வோல்ட் வருகிறது, வெளியே 19 வோல்ட் பக்கம் போகிறது. சார்ஜர் தன் இரைச்சலை அடக்குவதற்காக உள்ளே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். மூன்று பின் சார்ஜரில், எர்த் சரியாக இருந்தால், அந்தக் கசிவு எர்த்தில் இறங்கிப் போய்விடும். நம்மிடம் என்ன ஆகிறது? சுவரில் இரண்டு துளை சாக்கெட். மூன்று பின்னை ஒரு மாற்று பிளக் வழியாக இரண்டு பின்னாக்கி மாட்டுகிறோம். எர்த் அந்தரத்தில் நிற்கிறது. கசிவுக்குப் போக வழி இல்லாமல் லேப்டாப் உடம்பில் ஏறி நிற்கிறது. அதுதான் அந்தச் சுர். மில்லி ஆம்பியரில் ஒரு பகுதிதான், சாதாரணமாக ஆளைச் சாய்க்காது, ஆனால் யுஎஸ்பிக்கு அது போதும்.

பிரிண்டருக்கும் தனியாக ஒரு கரண்ட் ஒயர் போகிறது. அதற்கும் சொந்தக் கசிவு உண்டு. யுஎஸ்பி ஒயரால் பிரிண்டரையும் லேப்டாப்பையும் சேர்த்தவுடன் இரண்டு கசிவும் அந்த யுஎஸ்பி கிரவுண்ட் வழியாகவே நடக்கும். அதே ஹப்பில்தான் மவுஸும் கீபோர்டும். பதில் சிதையாமல் என்ன செய்யும்?

அப்புறம் ஜெனரேட்டர். சின்ன ஜெனரேட்டரில் யாராவது ஃபேன் போட்டால், மோட்டர் போட்டால், வோல்டேஜும் வேகமும் ஏறி இறங்கும். கூர்கூராக இரைச்சல் வரும். வீட்டில் இன்வர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. விலை குறைந்த இன்வர்ட்டர் கொடுப்பது படிக்கட்டு மாதிரி அலை. அந்தக் கூரான விளிம்பு ஒவ்வொன்றும் கெபாசிட்டர் வழியாகச் சுலபமாகத் தாண்டி வரும். டச்பேடில் அம்புக்குறி நடுங்குகிறது என்று வருகிற லேப்டாப்புகளில் பலவற்றுக்கு நான் முதலில் செய்வது சார்ஜரைப் பிடுங்குவதுதான். அத்தோடு நடுக்கம் நின்றால் திருப்புளியை எடுக்கவே வேண்டியதில்லை.

ஆறுகளில் தண்ணீர் வற்றும் கோடையில்தான் நமக்கு அணைக் கரண்ட் குறைகிறது, ஜெனரேட்டர் அதிகம் ஓடுகிறது. உங்கள் வகுப்பும் அதே மாதங்களில். அதனால்தான் ஒவ்வொரு விடுமுறையிலும் இது பெரிதாகத் தெரிகிறது.

என்ன செய்யலாம்? மண்டபத்தில் உண்மையான எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட் ஒன்று இருக்கிறதா என்று கோயில் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் ஒயரைக் கட்டி எர்த் என்று சொல்வார்கள், அதை ஒத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகள் அந்தக் குழாயில் கை கழுவுவார்கள். பிரிண்டரும் லேப்டாப்பும் எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். எர்த் வருகிற வரைக்கும் ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரியில் அடியுங்கள், அச்சடிக்கும்போது மட்டும் பிரிண்டரை மாட்டுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மண்டலே மாணவன் (மண்டலே)

அண்ணன் சொன்னதற்கு நான் கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று சொல்கிறேன். ஹாஸ்டலில் இன்வர்ட்டர் ஓடும்போது என் கீபோர்டும் இப்படித்தான் நின்றது. விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்தை ஏற்றி, அதன் மையப்பகுதியான கெர்னல் போடும் செய்திகளைக் காட்டும் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒரே வரி: போர்ட்டை ஹப் நிறுத்திவிட்டது, பிறகு அடைப்புக்குறிக்குள் 'இஎம்ஐ' என்று போட்டு ஒரு கேள்விக்குறி, மறுபடி இயக்குகிறேன். இஎம்ஐ என்றால் மின்காந்த இரைச்சல். அதாவது லினக்ஸே அதைச் சந்தேகப்படுகிறது. சார்ஜரைப் பிடுங்கியவுடன் அந்த வரி வருவது நின்றது.

டிஸ்கில் எதையும் தொடாமல் பென் டிரைவிலேயே ஓடுவதால் பாடங்களுக்கு ஆபத்து இல்லை. விண்டோஸ் மேல் குற்றமா வேறெங்கா என்று பிரிக்கவும் இது நல்ல வழி. ஆனால் பென் டிரைவை ஏற்றும்போது 'இன்ஸ்டால்' என்பதைத் தொடக்கூடாது, 'ட்ரை' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டீச்சர் அக்கா, தூங்கிப்போகிற கீபோர்டுக்கு நான் சொல்கிறேன். லேப்டாப் பேட்டரியை மிச்சப்படுத்த, சும்மா இருக்கிற யுஎஸ்பி சாதனத்தை விண்டோஸ் உறங்கவைக்கும். அதற்குப் பெயர் செலக்டிவ் சஸ்பெண்ட். நல்ல கீபோர்டு என்றால் ஒரு விசை தட்டினாலே எழுந்துவிடும். சில மலிவுக் கீபோர்டும் ஹப்பும் எழுந்திருக்கத் தடுமாறும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், உங்கள் பிளானுக்குப் பக்கத்தில் சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அதில் யுஎஸ்பி செட்டிங்ஸ் என்று விரித்தால் செலக்டிவ் சஸ்பெண்ட் இருக்கும். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் இரண்டிலும் டிஸேபிள் கொடுங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் எடுத்துவிடலாம். அது இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி முழுதாக அணையாது, பழைய நிலையைச் சேமித்துவைத்து அதிலிருந்தே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். அதனால் யுஎஸ்பி குழம்பினால் ஷட்டவுனை நம்பாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள்.

தட்டோன் தாத்தா (தட்டோன்)

பேரன் லேப்டாப்பில் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தான். எந்த விசையைத் தட்டினாலும் எழுத்து வரவில்லை, ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்தால்தான் வருகிறது. மவுஸ் நன்றாக இருக்கிறது. இதுவும் போர்ட்டா, கரண்டா?

பட்டறை அண்ணன் (ரங்கூன்)

இரண்டும் இல்லை ஐயா. ஃபில்டர் கீஸ் ஆன் ஆகியிருக்கிறது, சட்டென்று தட்டுகிற விசையைக் கண்டுகொள்ளாமல் விடுகிற விண்டோஸ் வசதி அது. வலது ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் அது கிளம்பும். பேரன் விளையாடும்போது விரல் அதிலேயே இருந்திருக்கும். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் ஃபில்டர் கீஸை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 10 என்றால் ஈஸ் ஆஃப் ஆக்சஸ் என்று இருக்கும்.

அடிக்கிற எழுத்து பர்மியமாக வந்தால் அதுவும் பழுது இல்லை. நம்மில் பலர் ஆங்கிலம், பர்மியம், தமிழ் மூன்றும் போட்டு வைத்திருக்கிறோம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மாறிவிடும். இதற்காகப் புதுக் கீபோர்டு வாங்கிவிட்டு வந்தவர்களும் உண்டு, அவர்களுக்காகத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ரங்கூன் செல்வி (ரங்கூன்)

ஒரு எச்சரிக்கை, விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு. அண்ணன் சொன்ன அந்த நீலத் திரைக்குப் போய் கீபோர்டு, மவுஸ் இரண்டும் செத்துக் கிடந்தால் உடனே ஹார்டுவேர் என்று முடிவு கட்டாதீர்கள். 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066835 என்ற அப்டேட்டில் ஒரு கோளாறு இருந்தது. விண்டோஸுக்குள் எல்லாம் சரியாக ஓடும், மீட்புத் திரையில் மட்டும் யுஎஸ்பி மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாது. மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20 அன்று கேபி5070773 என்று அவசரமாகத் திருத்தம் விட்டது. இணையம் சரியில்லாமல் அப்டேட்டைப் பாதியில் நிறுத்திவைத்திருப்பவர்கள் நம் ஊரில் அதிகம். அக்டோபர் அப்டேட் மட்டும் ஏறி, திருத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். அந்த நிலையில் மாட்டிக்கொண்டால் தொடுதிரை இருந்தால் தொட்டு வெளியே வரலாம், வட்ட முனை உள்ள பழைய பிஎஸ்/2 கீபோர்டும் வேலை செய்யும்.

டீச்சருடைய விண்டோஸ் 10இல் இது வராது. ஆனால் விண்டோஸ் 10க்கும் ஒரு காலத்தில் இப்படி நடந்தது. 2018 பிப்ரவரி 13 அன்று வந்த கேபி4074588 சிலருக்கு யுஎஸ்பியை நிறுத்திவிட்டது, மார்ச் 5 அன்று கேபி4090913இல்தான் சரி செய்தார்கள். அதனால் 'நேற்று வரை ஓடியது, இன்று காலையிலிருந்து இல்லை' என்றால் இரவு அப்டேட் ஏறியதா என்று பார்ப்பதும் ஒரு வழிதான்.

மோல்மீன் மழை (மோல்மீன்)

செல்வி சொன்னதைப் பார்த்து ஞாபகம் வந்தது. பழைய கணக்கு சாஃப்ட்வேருக்காக இன்னும் விண்டோஸ் 7 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015இல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளிலிருந்து, விண்டோஸ் 7 சிடியில் போட்டு ஏற்றும்போது மவுஸும் கீபோர்டும் பாதியில் செத்துவிடும். அந்தச் சிடியில் யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. டிரைவரை உள்ளே சேர்த்துப் புதிதாகப் பென் டிரைவ் தயாரித்தால்தான் ஏறும். லேப்டாப் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெகு டீச்சர் (பெகு)

எல்லோருக்கும் சேர்த்துப் பதில். செலக்டிவ் சஸ்பெண்டை எடுத்தபிறகு கீபோர்டு தூங்குவது நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மண்டபத்தில் பூஜைக்கு ஒலிபெருக்கி வைக்கிற மூலையில் எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட் ஒன்று ஏற்கெனவே இருந்திருக்கிறது, மேஜையை அங்கே நகர்த்திவிட்டோம். சார்ஜர் போட்டுத் தடவினால் இப்போது சுர்ரென்று இல்லை. நேற்று கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியபோது மூன்றாம் வகுப்புக் கேள்வித்தாள் முழுவதையும் அடித்து அச்சும் எடுத்துவிட்டேன். இடையில் ஒரு தரம்தான் 'டிங்' என்றது, பென் டிரைவை மாட்டியபோது.

ஹப்பை வலது பக்கப் போர்ட்டுக்கு மாற்றியிருக்கிறேன். அது தனியாகக் கரண்ட் இல்லாத சின்ன ஹப். மாற்ற வேண்டுமா? அப்புறம் அந்த ஆடுகிற போர்ட்டை என்ன செய்வது? அதற்காக மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

பட்டறை அண்ணன் (ரங்கூன்)

ரொம்ப சந்தோஷம் டீச்சர். அந்த ஒரு 'டிங்', பென் டிரைவை மாட்டினால் விண்டோஸ் வழக்கமாகப் போடுகிற சத்தமாகவே இருக்கலாம். ஆனால் ஹப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. யுஎஸ்பி 2 போர்ட் ஒன்று கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். தனிக் கரண்ட் இல்லாத ஹப் அதையே நான்கு பேருக்குப் பங்கு போடும், ஆளுக்கு 100 என்பதுதான் கணக்கு. மவுஸுக்கும் சாதாரணக் கீபோர்டுக்கும் அது தாராளம். பென் டிரைவ் மாட்டிய கணத்தில் சட்டென்று அதிகமாக இழுக்கும், மற்றவை ஒரு நொடி தடுமாறலாம். ஹப் வாங்கும் வரை பென் டிரைவை இடது பக்கம் பின்னால் இருக்கிற நல்ல போர்ட்டில் நேராக மாட்டுங்கள்.

வாங்குவதாக இருந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அடாப்டரில் போட்டிருந்தால் உங்கள் வேலைக்குப் போதும். வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஹப்பின் அடாப்டரை மட்டும் கரண்டில் போட்டு, ஹப்பை லேப்டாப்பில் மாட்டுங்கள். லேப்டாப்பில் ஏதாவது விளக்கு மினுக்கினால் அந்த ஹப் வேண்டாம். அது லேப்டாப்புக்குள் தலைகீழாகக் கரண்ட் தள்ளுகிறது. அப்படிப்பட்டவை சில நாளில் லேப்டாப்பைச் சரியாக எழுந்திருக்கவிடாது, அப்புறம் இன்னொரு தலைவலி.

போர்ட்டுக்கு மதர்போர்டு வேண்டாம். நிறைய லேப்டாப்புகளில் ஒரு பக்கத்து யுஎஸ்பி போர்ட் மட்டும் விரல் நீளத்துக்குத் தனிச் சின்னப் பலகையில் இருக்கும், பட்டை ஒயரால் மதர்போர்டோடு சேர்த்திருப்பார்கள். உங்களுடையதும் அப்படி இருந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். மதர்போர்டிலேயே இருந்தாலும், போர்ட்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு பற்றவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்து இங்கே எழுதுங்கள், எந்த வகை என்று சொல்கிறேன். அதுவரை அந்தப் போர்ட்டில் யாரும் எதையும் செருகாதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளே வளைந்த பட்டை ஒன்றோடு ஒன்று முட்டினால் பக்கத்துப் போர்ட்டையும் சேர்த்து நிறுத்திவிடும்.

பெகு டீச்சர் (பெகு)

டேப் ஒட்டிவிட்டேன். நாளைக்கு வகுப்பு முடிந்ததும் கவிழ்த்து மாடல் எண்ணைப் பார்த்து எழுதுகிறேன் அண்ணே.